மென்பொருளுக்கு உரை எழுதியவர்கள்: பொழுதுபோக்காகத் தொடங்கிய லினக்ஸ் முதல் நமது நாட்டின் சஹானா வரை



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கணினியின் வரலாறு என்றால் மென்பொருளை உருவாக்கியவர்களின் வரலாறாகத்தான் அதைச் சொல்லித் தருகிறோம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் பில் கேட்ஸ், லினஸ் டோர்வால்ட்ஸ் என்று பெயர்கள் வரிசையாக வரும். அந்த மென்பொருளை எப்படிப் பாவிப்பது என்று உட்கார்ந்து எழுதி வைத்தவர்கள் யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தமிழில் அப்படியல்ல. குறளை எழுதிய வள்ளுவரோடு உரை எழுதிய பரிமேலழகரையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறோம். உரையில்லாமல் நூல் சாதாரண மனிதனின் கைக்கு வராது என்பது நம் முன்னோர்களுக்கு விளங்கியிருந்தது.

மென்பொருளுக்கும் அப்படி உரை எழுதியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் சம்பளம் வாங்கவில்லை. இன்று உலகின் பெரும்பாலான இணையச் சேவையகங்களும், உங்கள் கையில் இருக்கும் அன்ட்ரொய்ட் தொலைபேசியும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. அது இந்த இடத்துக்கு வந்ததில் அவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். நமது ஊருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

■ 1971: குறையையும் எழுது

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினார்கள். முதல் இரண்டு வருடங்கள் அதற்குக் கையேடு எதுவும் இருக்கவில்லை. செய்தவர்களும் பாவித்தவர்களும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் எழும்பிப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவர்களின் மேலாளர் டக் மக்கில்ரோய் இதை ஏற்கவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும் என்று வற்புறுத்தினார். 1971 நவம்பர் 3 ஆம் திகதியிட்டு யுனிக்ஸின் முதல் கையேடு வெளிவந்தது.

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பக்கம். பெயர், எழுதும் முறை, விளக்கம் என்று ஒரே ஒழுங்கு. அதில் ஒரு தலைப்பு: வழுக்கள். இந்தக் கட்டளையில் என்ன குறை இருக்கிறது என்பதைச் செய்தவரே எழுத வேண்டும். பொருள் விற்பவன் தன் பொருளின் குறையைத் தானே எழுதிக் கொடுப்பது போன்றது இது.

இதனால் எதிர்பாராத ஒரு நன்மை நடந்தது. கையேட்டின் புதிய பதிப்பு வரும் ஒவ்வொரு தடவையும் ஆட்கள் ஓடியோடி மென்பொருளைத் திருத்தினார்கள் என்று மக்கில்ரோய் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அசிங்கமாக இருந்த ஒன்றை எழுத்தில் வைக்கும்போதுதான், இதை அச்சில் போட முடியாது என்று அவர்களுக்கே தோன்றியது. விளக்கிச் சொல்ல முடியாத அளவுக்கு ஒரு விடயம் சிக்கலாக இருந்தால், பிழை பெரும்பாலும் அந்த விடயத்தில்தான் இருக்கும். வகுப்பில் பாடம் நடத்தும் எவருக்கும் இது தெரியும்.

■ 1991: ஒரு மாணவனின் பொழுதுபோக்கு

1991 ஆகஸ்ட் 25 ஆம் திகதி பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இணையக் குழுமம் ஒன்றில் ஓர் அறிவித்தல் போட்டார். தான் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாகவும், இது வெறும் பொழுதுபோக்கு என்றும், பெரிதாக வராது என்றும் சொன்னார். அப்போது அவருக்கு 21 வயது. அந்தப் பொழுதுபோக்குத்தான் லினக்ஸ்.

செப்டெம்பரில் முதல் பதிப்பு வந்தது. அடுத்த சில மாதங்களில் உலகின் பல மூலைகளில் இருந்தும் ஆட்கள் அதை இறக்கிப் பார்க்கத் தொடங்கினார்கள். இங்கேதான் பிரச்சினை. யுனிக்ஸ்காரர்கள் போல இவர்கள் ஒரே கட்டடத்தில் இருக்கவில்லை. ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் அமெரிக்காவில், இன்னொருவர் அவுஸ்திரேலியாவில். எழும்பிப் போய்க் கேட்க முடியாது. ஒரே கேள்வி நூறு பேரிடம் இருந்து நூறு தடவை வரும். பதில் சொல்பவர்களும் சம்பளம் இல்லாதவர்கள். களைத்துப்போனவர்கள் 'முதலில் கையேட்டை வாசி' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல ஆரம்பித்தார்கள். வாசிக்கக் கையேடு இல்லாத இடத்திலும் அதைச் சொன்னதுதான் வேடிக்கை.

இந்த நிலைமையில் 1992 இல் லினக்ஸ் ஆவணத் திட்டம் தொடங்கியது. லினஸின் பல்கலைக்கழக நண்பரான லார்ஸ் வீர்சேனியஸ், அமெரிக்க மாணவரான மட் வெல்ஷ், மைக்கல் ஜோன்சன் போன்றவர்கள் அதன் ஆரம்பகால உழைப்பாளிகள். வீர்சேனியஸ் கணினியை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டியை எழுதினார். வெல்ஷ் லினக்ஸை நிறுவுவது எப்படி என்று எழுதினார். ஒலாஃப் கிர்ச் என்ற ஜெர்மானியர் வலையமைப்புப் பற்றி எழுதிய வழிகாட்டியை ஓரெய்லி பதிப்பகம் பிற்பாடு அச்சு நூலாகவே வெளியிட்டது. அதன் பிறகும் இணையத்தில் அது இலவசமாகவே கிடைத்தது.

■ 'எப்படிச் செய்வது' என்ற சிறு ஏடுகள்

இந்தத் திட்டத்தின் பெரிய சாதனை தடித்த நூல்கள் அல்ல. 'ஹவ்-டூ' என்று பெயரிட்ட சிறிய ஆவணங்கள். ஒன்றில் ஒரு வேலை மட்டும். பிரிண்டரை இணைப்பது எப்படி, மோடத்தில் இணைய இணைப்பு எடுப்பது எப்படி, ஒலி அட்டையை வேலை செய்ய வைப்பது எப்படி. காலப்போக்கில் திட்டத்தில் சேர்ந்த ஆவணங்களின் தொகை 475 ஐத் தாண்டியது.

இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலானோர் லினக்ஸின் உள்ளே வேலை செய்த நிபுணர்கள் அல்ல. பிரிண்டர் வேலை செய்யாமல் இரவிரவாக மண்டையை உடைத்துக்கொண்டு, ஒருவழியாக அதைச் சரிப்படுத்திய சாதாரண பாவனையாளர்கள். எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. நிபுணருக்கு அது மறந்துபோயிருக்கும். கணக்கில் மிகக் கெட்டிக்காரரான ஆசிரியரைவிட, சென்ற வருடம் சித்தியடைந்த அண்ணன் சொல்லித் தந்தால் சில பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறதே, அதே காரணம்தான்.

■ கையேட்டுக்கும் சுதந்திரம் வேண்டும்

ரிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்தவர். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தந்தை என்று சொல்லலாம். மென்பொருள் கட்டற்றதாக இருந்தும் அதன் கையேடு பூட்டி வைக்கப்பட்டிருந்தால் அந்தச் சுதந்திரம் அரைகுறை என்பது அவரது வாதம். மென்பொருளை மாற்றும் ஒருவர் கையேட்டையும் மாற்ற முடியாவிட்டால், அவர் அடுத்தவர் கையில் கொடுப்பது பிழையான கையேட்டைத்தான்.

இதற்காகவே 2000 ஆம் ஆண்டில் குனூ கட்டற்ற ஆவண உரிமம் வெளியானது. மென்பொருள் கையேடுகளுக்காக எழுதப்பட்ட அந்த உரிமத்தைத்தான் அடுத்த வருடம் பிறந்த விக்கிப்பீடியா எடுத்துக்கொண்டது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே நிழலில்தான் வளர்ந்தது. அதை முன்னின்று வளர்த்தவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். இன்று நம் பிள்ளைகள் செயற்றிட்டத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்கும் தமிழ்க் கட்டுரைகளின் சட்ட அத்திவாரம், ஒரு காலத்தில் கணினிக் கையேடுகளுக்காகப் போடப்பட்டது.

■ எழுதியதும் பழுதடையும்

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. இனி மற்றப் பக்கம்.

மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். எழுதியது அப்படியே நிற்கும். ஹவ்-டூ எழுதியவர்களுக்குக் கல்யாணம் ஆனது, வேலை கிடைத்தது, வேறு நாட்டுக்குப் போனார்கள். 2000 களின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த ஆவணங்களில் பல திருத்தப்படவே இல்லை. பழைய கையேடு இல்லாத கையேட்டை விட மோசம். நம்பி வாசிப்பவனின் நேரம் போகும், சில வேளை அவனது தரவும் போகும்.

இரண்டாவது ஆபத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைப்பது. ஜென்டூ என்ற லினக்ஸ் வகையின் பாவனையாளர்கள் சேர்ந்து ஒரு விக்கியைக் கட்டியெழுப்பினார்கள். வேறு லினக்ஸ் பாவிப்பவர்களும் அதைத்தான் தேடிப் போவார்கள். 2008 ஒக்டோபரில் அதன் தரவுத்தளம் அழிந்தது. முறையான பிரதி இருக்கவில்லை. தேடுபொறிகளின் சேமிப்பில் எஞ்சியிருந்த பக்கங்களைப் பொறுக்கி எடுத்துத்தான் ஓரளவை மீட்டார்கள். வருடக்கணக்கான தொண்டு ஒரே நாளில் போனது. அந்த வெற்றிடத்தை ஆர்ச் லினக்ஸ்காரர்கள் 2005 இல் தொடங்கிய விக்கி மெல்ல மெல்ல நிரப்பியது. இன்று எந்த வகை லினக்ஸ் பாவிப்பவரும் கடைசியில் போய் நிற்பது அங்கேதான். அதன் பலம் ஒன்று: யார் கண்ணில் பிழை பட்டாலும் அவரே திருத்திவிடலாம்.

மூன்றாவது ஆபத்து, ஒரே மனிதனின் தோளில் எல்லாப் பாரத்தையும் ஏற்றுவது. லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் ஏறத்தாழ 16 வருடங்கள் பராமரித்தவர் மைக்கல் கெரிஸ்க். எழுதுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கும்போது லினக்ஸின் உள்ளேயே வழுக்களைக் கண்டுபிடித்து அறிவித்தார். 1971 இல் நடந்ததே மறுபடியும் நடந்தது. அவருக்குப் பின் பொறுப்பெடுத்த அலெஹாந்த்ரோ கொலோமர், ஊதியம் இல்லாமல் இனித் தொடர முடியாது என்று 2024 செப்டெம்பரில் வேலையை நிறுத்துவதாக அறிவித்தார். அதன் பிறகுதான் சில நிறுவனங்கள் சேர்ந்து நிதி கொடுக்க முன்வந்தன. கோடிக்கணக்கான கணினிகளில் இருக்கும் கையேட்டுக்கே இந்த நிலைமை.

கிட்ஹப் நிறுவனம் 2017 இல் திறந்த மூலத் திட்டங்களில் ஈடுபடுவோரிடம் நடத்திய ஆய்வு இதை எண்ணில் காட்டுகிறது. பதிலளித்தவர்களில் 93 வீதமானோர் முழுமையற்ற, காலாவதியான ஆவணங்களை ஒரு பிரச்சினையாகக் கண்டிருந்தார்கள். ஆனால் பங்களிப்பாளர்களில் 60 வீதமானோர் ஆவணங்களுக்கு அரிதாகவே பங்களிக்கிறார்கள் அல்லது ஒருபோதும் பங்களிப்பதில்லை. பள்ளிவாசல் ஹவ்ழில் தண்ணீர் இல்லை என்று எல்லோரும் சொல்கிறோம், மோட்டரைப் போட எழும்புபவர் ஒருவரோ இருவரோ. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: இந்தச் சமூகத்தில் ஏறத்தாழ காற்பங்கினருக்கு ஆங்கிலத்தை 'மிக நன்றாக' வாசிக்கவோ எழுதவோ முடியாது. மென்பொருள் செய்பவர்களுக்கே இப்படி என்றால் பாவிப்பவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

■ சஹானா: நமது கரையில் பிறந்தது

2004 டிசெம்பர் 26. நம்மில் யாருக்கும் திகதியை ஞாபகப்படுத்தத் தேவையில்லை. இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அதிகமாக இழந்தது அம்பாறை மாவட்டம். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த முகாமுக்குச் சாப்பாடு போனது, எதற்குப் போகவில்லை என்று தெரியாமல் நாடே தடுமாறியது.

அந்த நாட்களில் கொழும்பில் மென்பொருள் துறை இளைஞர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, லங்கா மென்பொருள் மன்றத்தின் முன்முயற்சியில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, தேவைகளின் பதிவு என்று அதில் பகுதிகள் இருந்தன. பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். மூலநிரலை உலகுக்கே திறந்துவிட்டார்கள். 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் 2006 இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள திட்டத்துக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006 ஆம் ஆண்டுக்கான விருது சஹானாவுக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அது 'சஹானா ஈடன்' என்ற பெயரில் புதிதாக எழுதப்பட்டது.

இப்போது யோசியுங்கள். இந்த மென்பொருளைப் பாவிப்பவர் யார்? கிராம சேவகர், பாடசாலை அதிபர், முகாமில் பெயர் எழுதும் இளைஞன். முதல் தடவையாக அதைத் திறப்பதே அனர்த்தம் நடந்த பிறகுதான். தூக்கம் இல்லை, மின்சாரம் வந்து வந்து போகிறது, முன்னால் அழுதுகொண்டு ஒரு தாய் நிற்கிறார். அவர் சொல்லும் பெயரைப் பிழையான இடத்தில் பதிந்தால் அந்தப் பிள்ளையைத் தேடி வருபவருக்கு விடை கிடைக்காது. அந்த நேரத்தில் கையேடு எழுத முடியாது. முன்னமே எழுதி வைத்திருக்க வேண்டும். அதுவும் கணினி தெரியாதவருக்கு விளங்கும்படி.

2011 ஒக்டோபரில் இதற்கு ஒரு வழி பிறந்தது. நியூசிலாந்துக்காரரான அடம் ஹைட் தொடங்கிய 'ஃப்ளோஸ் மனுவல்ஸ்' என்ற அமைப்பு, கட்டற்ற மென்பொருள்களுக்குக் கட்டற்ற கையேடுகள் எழுதுவதையே வேலையாகக் கொண்டது. அவர்களின் முறை எளிமையானது. தெரிந்தவர்கள் சிலரை ஓர் அறையில் சில நாட்கள் உட்கார வை. எழுந்து போகும்போது புத்தகம் முடிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவில் கூகிள் தலைமையகத்தில் நடந்த அப்படியான ஒரு முகாமில் நான்கு திட்டங்கள் ஒரே வாரத்தில் தத்தமக்கு ஒவ்வொரு புத்தகத்தை எழுதி முடித்தன. அவற்றில் கே.டி.ஈ., ஓப்பன்ஸ்ட்ரீட்மெப், ஓப்பன் எம்.ஆர்.எஸ். ஆகிய மூன்றோடு நான்காவதாக இருந்தது சஹானா ஈடன். சுனாமியில் பிறந்த நமது மென்பொருளுக்கு அப்படி ஒரு புத்தகம் வந்தது.

■ நல்ல கையேடு என்றால் என்ன?

இத்தனை வருட அனுபவத்தில் இருந்து இந்தத் துறை ஒரு தெளிவுக்கு வந்திருக்கிறது. டானியலே ப்ரோசிடா என்பவர் ஆவணங்களை நான்காகப் பிரித்துக் காட்டினார்.

1. பயிற்சி: புதியவரின் கையைப் பிடித்து ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை கூட்டிப்போவது.
2. செய்முறை: ஒரு குறிப்பிட்ட வேலையை முடிக்கப் படிகள். ஹவ்-டூ இந்த வகைதான்.
3. உசாத்துணை: அகராதி போல. தேவையானதை மட்டும் தேடிப் பார்க்க.
4. விளக்கம்: ஏன் இப்படி இருக்கிறது என்று சொல்வது.

நான்கையும் ஒரே பக்கத்தில் குழைத்து எழுதுவதால்தான் பல கையேடுகள் விளங்குவதில்லை. பாண் வெட்டக் கத்தி கேட்டவனுக்கு இரும்பு உருக்கும் வரலாற்றைச் சொல்வது போல ஆகிவிடுகிறது. எதை எழுதுகிறோம், யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் தீர்மானித்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எழுதியதை ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் இருந்து பார்ப்பது. அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேதான் நமது எழுத்தில் ஓட்டை.

இதன் உச்சத்தைப் பார்க்க நமது வரலாற்றுக்கே போகலாம். தியார்பக்ர் பகுதியை ஆண்ட அர்துக்கிய மன்னரின் பொறியியலாளர் அல்-ஜஸரி 1206 இல் தன் இயந்திரங்களைப் பற்றி ஒரு நூலை எழுதி முடித்தார். படங்கள், அளவுகள், பாகங்களைப் பொருத்தும் ஒழுங்கு எல்லாவற்றையும், இன்னொருவர் பார்த்துச் செய்யும் அளவுக்கு எழுதினார். 1976 இல் லண்டனில் அவரது நீர்க் கடிகாரத்தை அந்த எழுத்தை வைத்தே திரும்பக் கட்டினார்கள். ஓடியது. எழுதியவர் மௌத்தாகி ஏறத்தாழ 770 வருடங்கள்.

■ நமக்கு என்ன?

நமது ஊர் இளைஞர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஸகாத் குழுவுக்கு, ஜனாஸா நலன்புரிச் சங்கத்துக்கு, பாடசாலை வரவுப் பதிவுக்கு என்று சின்னச் சின்ன மென்பொருள்களை இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். ஆனால் அடுத்து நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செய்த தம்பி கட்டாருக்கோ சவூதிக்கோ போகிறார். கடவுச்சொல் யாரிடம் என்று தெரியாது. பிரதி எடுப்பது எப்படி என்று தெரியாது. ஆறு மாதத்தில் குழு திரும்பவும் பழைய கொப்பிக்கே போகிறது. ஏழைகளின் பெயர்ப்பட்டியல் பூட்டிய கணினிக்குள் கிடக்கிறது. அது ஓர் அமானிதம் அல்லவா?

அதனால் மூன்று வேண்டுகோள்கள்.

மென்பொருள் செய்யும் தம்பி தங்கைமாருக்கு: ஒப்படைக்கும்போது நான்கு பக்கக் கையேட்டையும் சேர்த்து ஒப்படையுங்கள். தமிழில். 'வழுக்கள்' என்ற தலைப்பு அதில் கட்டாயம் இருக்கட்டும்.

சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கு: கையேடு இல்லாமல் எதையும் பொறுப்பெடுக்காதீர்கள். ஒரு பிரதியை அச்சிட்டு அலுமாரியில் வையுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை செயற்குழுவில் எடுத்துப் பார்த்துத் திருத்துங்கள்.

எனக்குக் கோடிங் தெரியாது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு: ஹவ்-டூ எழுதியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். தமிழகத்தில் 2012 முதல் 'கணியம்' குழுவினர் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாக வெளியிட்டு வருகிறார்கள். வாசித்துப் பாருங்கள். நீங்கள் தட்டுத்தடுமாறி ஒன்றைக் கற்றுக்கொண்டால், மறப்பதற்கு முன் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். உம்மாமாருக்கு, ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு விளங்கும் மொழியில் எழுதுங்கள்.

பயனுள்ள அறிவை விட்டுச் செல்வது மௌத்துக்குப் பின்னும் நன்மை சேர்க்கும் என்று ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். அது கிதாபுகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணத் தேவையில்லை. ஸகாத் பட்டியலை அடுத்த குழு பிழையில்லாமல் திறப்பதற்கு உதவும் ஒரு தாளும் அதில் சேரும், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் ஊரில் இப்படிக் கையேடு இல்லாமல் கைவிடப்பட்ட மென்பொருள் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். எழுதத் தெரிந்த ஒருவரையும், செய்யத் தெரிந்த ஒருவரையும் சேர்த்து உட்கார வைக்கப் பார்ப்போம்.